ஓட்டை போட்ட மூடி

"கண்ணுல என்ன பட்டுச்சு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

மூன்று பேர் மூன்று பதில் சொன்னோம். வெல்டிங் அண்ணன், "ஆசிடுங்க" என்றார். வலது கண்ணைத் துணியால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பாலிஷ் மாமா, "தின்னருங்க. தின்னர்னு நெனச்சுதான் தொறந்தேன்" என்றார். நான் மட்டும் சரியான பெயரைச் சொன்னேன். சொல்லும்போது என் கையில் ஒரு தாள் இருந்தது. அதே பெயர், பெரிய எழுத்தில், கலரில், பக்கத்தில் மண்டை ஓட்டுப் படத்தோடு. ஜெராக்ஸ் கடையில் அப்போதுதான் அச்சடித்து வாங்கிய லேபிள். ஆட்டோவில் வரும்போது கசங்கிப்போயிருந்தது.

டாக்டரம்மா அதை வாங்கிப் படித்தார். "இது டப்பா மேல இல்ல இருக்கணும்? கையில வச்சிருக்கீங்க?" என்றார்.

கோபமே இல்லாமல்தான் கேட்டார். என்னுடைய கோபம் அந்த இடத்தில் தொடங்கியது. மாதங்கள் ஆகிவிட்டன. இன்னும் அடங்கவில்லை. அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

பாலிஷ் மாமாவுக்கு வலது கண் என்பது வெறும் கண் இல்லை, கருவி. ஒரு கதவுக்கு பாலிஷ் போட்டு முடித்ததும் வெளிச்சம் வரும் பக்கமாக அதைச் சாய்த்து வைப்பார். முட்டி போட்டு, இடது கண்ணை மூடி, வலது கண்ணைப் பலகையின் விளிம்போடு ஒட்டிவைத்து நீளவாக்கில் பார்ப்பார். நாம் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். அவர், "இங்க ஒரு அலை இருக்கு" என்று விரலை வைப்பார். தடவினால் இருக்கும். அந்தக் கண் மறுபடி பார்க்குமா, பார்க்காதா என்பதுதான் அன்றைக்கு அந்த அறையில் இருந்த ஒரே கேள்வி. டாக்டரம்மா சிதம்பரத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

எங்கள் ஷெட் கடலூர் முதுநகரில், துறைமுகம் போகும் பக்கம். ஒரு காலத்தில் முந்திரிக்கொட்டை மூட்டை அடுக்கிய கிடங்கு. தகரக் கூரை, ஒரே கதவு, ஒரே குழாய். ஷெட்டை எடுத்திருப்பவர் வெல்டிங் அண்ணன். கிரில், கேட் செய்வார். கிழக்கு ஓரம் பாலிஷ் மாமாவுக்கு, மேற்கு ஓரம் எனக்கு. நான் சிதம்பரத்திலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வந்து இறங்குவேன். மெக்கானிக்கல் முடித்துவிட்டு, வந்த வேலையை விட்டுவிட்டு, கிள்ளைப் பக்கத்து வாய்க்கால்களில் போகிற மாதிரி ஓராள் படகு ஒன்றை ஃபைபரில் செய்யப்போகிறேன் என்று கிளம்பியவள். வீட்டில் செய்ய முடியாது. ரெசின் என்கிற பசையின் வாடைக்கு எங்கள் தெருவே மூக்கைப் பிடித்துக்கொள்ளும்.

படகுக்கு முன்னால் அதன் அச்சு வேண்டும், மோல்டு. பதினோரு அடி நீளம், பச்சை நிறம், முதுகெல்லாம் விலா எலும்பு மாதிரிச் சட்டங்கள். பாலிஷ் மாமா அதற்கு 'முதலை' என்று பெயர் வைத்தார். எங்கள் ஊர்ப்பக்கம் கொள்ளிடத்தில் முதலை இருப்பதால் வந்த கிண்டல். காலையில் நான் வந்ததும், "என்னா பாப்பா, சிதம்பரத்துல இருந்து முதலைக்குத் தீனி எடுத்தாந்தியா?" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒம் முதலைய ரெண்டடி நவுத்தேன், கதவ வச்சுக்கறேன்" என்பார். நகர்த்துவேன். இரண்டடி என்றால் ஒன்றரை அடி.

பொது ஷெட் என்றால் எப்படியிருக்கும் என்று அதில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். நடு இடம் யாருடையதும் இல்லை. அதனால் எல்லாருடைய குப்பையும் அங்கேதான். வெல்டிங் அண்ணனின் பைப்புகள் வாசலுக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் முனையில் ஒரு துணி கட்டுங்கள் என்று மூன்று முறை சொன்னேன். "கண்ணு தெரியாதா, பாத்து நட" என்றார். பாலிஷ் மாமா எண்ணெய் துடைத்த பனியன் வேஸ்ட் துணியை உருட்டி உருட்டி மூலையில் போடுவார். வெல்டிங் பொறி பறக்கும் ஷெட்டில்! நான் வாளி வாங்கி வைத்தேன், மூடி போட்டது. அதில் அவர் மதிய சாப்பாட்டுத் தூக்கை வைத்தார். எறும்பு வராதாம்.

நான் சும்மா விடவில்லை. படித்தவள் அல்லவா! அடுக்கு வாங்கினேன். டப்பாக்களுக்கு லேபிள் அடித்தேன். மஞ்சள் நிறம் எரியக்கூடியது, சிவப்பு நிறம் ஆபத்தானது. எல்லாம் ஆங்கிலத்தில். சுவரில் விதிகள் பத்து ஒட்டினேன். அதுவும் ஆங்கிலத்தில்தான். இணையத்தில் கிடைத்ததை அப்படியே அச்சடித்தேன். இந்த ஷெட்டில் அதைப் படிக்கக்கூடியவர் நான் ஒருத்திதான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மாமா தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பார். வெல்டிங் அண்ணன் அளவுகளைத் தவிர வேறெதையும் வாசிக்கமாட்டார். நான் ஒட்டியதை ஃபோட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். கைதட்டல் படங்கள் வந்தன.

இங்கே ஒரு சாமானைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஃபைபர் வேலையில் ரெசின் தேன் மாதிரி இருக்கும். அதைக் கல்லாக இறுக்குவது கேட்டலிஸ்ட். பார்க்கத் தண்ணீர்தான். ஆனால் கண்ணில் பட்டால் கண் போகும். இன்னொரு குணமும் உண்டு. சும்மா வைத்திருந்தாலே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாயு சேரும். அதனால் என்னுடைய டப்பாவின் மூடியில் ஊசிமுனை அளவு துளை இருந்தது. வாயு வெளியே போகட்டும் என்று வேண்டுமென்றே விட்ட துளை. இது எனக்குத் தெரியும். ஷெட்டில் வேறு யாருக்கும் தெரியாது. பத்து விதிகளில் இது இல்லை, ஏனென்றால் நான் நகலெடுத்த பட்டியலில் இல்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நான் சீக்கிரமே ஊருக்குக் கிளம்பிவிட்டேன். கிளம்பும் அவசரத்தில் முதலையை நிமிர்த்திச் சுவரோரம் நிறுத்தினேன். காற்றில் விழுந்துவிடக் கூடாதே என்று நைலான் கயிற்றால் குழாய் பைப்போடு சேர்த்துக் கட்டினேன். நல்ல முடிச்சு, இரட்டை முடிச்சு. குழாய் அதற்குப் பின்னால் போய்விட்டது. "ரெண்டு நாள்தானே" என்று வெல்டிங் அண்ணனிடம் சொன்னேன். அவர் ஃபோனில் இருந்தார், தலையாட்டினார்.

மறுநாள் மாமா கூப்பிட்டார். சிதம்பரம் கீழவீதியில், பொரி வாங்கும் கூட்டத்தில் நின்றிருந்தேன்.

"பாப்பா, நாங்க சாமானெல்லாம் கழுவித் தொடச்சிகிட்டு இருக்கோம். ஒன்னோடதையும் தொடச்சி சாமிகிட்ட வச்சிரட்டா? தொடலாமா?"

கேட்டார். அதை நான் மறக்கக் கூடாது. என் பொருளைத் தொடுவதற்கு முன்னால் ஃபோன் போட்டுக் கேட்டார். நான் அவருடைய பலகைகளை நகர்த்துவதற்கு ஒருநாளும் கேட்டதில்லை.

"வைங்க மாமா, வைங்க" என்றேன். "ரெண்டு கிலோ போடுங்க" என்று பொரிக்கடைக்காரரிடமும் அதே மூச்சில் சொன்னேன்.

பூஜை கழிந்து மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ஷெட்டுக்குப் போனேன். கதவில் மாவிலை காய்ந்து தொங்கியது. வெல்டிங் மெஷினுக்கு மாலை, டிரில்லுக்குப் பொட்டு. எல்லாம் சரி. சாமி படத்துக்குக் கீழே, கிழக்குக் கதவின் வெயில் நேராக விழும் இடத்தில், டப்பாக்கள் வரிசையாக நின்றன. அவ்வளவும் வெள்ளை. ஒவ்வொன்றின் மேலும் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம். என் கேட்டலிஸ்ட், என் அசிட்டோன், மாமாவின் தின்னர், எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி. லேபிள் ஒன்றுகூட இல்லை.

"யாரு என் லேபிளெல்லாம் எடுத்தது?"

"நாந்தான் பாப்பா" என்று மாமா சிரித்துக்கொண்டே வந்தார். "ஒரே பிசுக்கு. தேங்கா நாரு போட்டுத் தேச்சேன், கையோட வந்துருச்சு. பாரு, எப்படிப் பளிச்சுனு இருக்கு."

"அதுல எழுதியிருந்தது எதுக்குன்னு நெனச்சீங்க? அழகுக்கா?"

"இங்கிலீசுல இல்ல இருந்துச்சு..."

"படிக்கத் தெரியலன்னா தொடாம இருக்கணும் மாமா."

சொல்லிவிட்டேன். இப்படித்தான் சொன்னேன், ஒரு எழுத்து குறையாமல். வெல்டிங் அண்ணன் பைப்பு அறுப்பதை நிறுத்திவிட்டு, "செம டோசு மச்சான்! வாங்கிக்க" என்று சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. தேங்காய் நாரால் தேய்த்த தன் விரல்களைப் பார்த்தார்.

"சரிம்மா" என்றார். இரண்டு வருஷமாக நான் 'பாப்பா'. அன்றைக்கு 'ம்மா' ஆனேன். பிறகு, "இன்னொண்ணும்மா, அந்தச் சின்ன டப்பா மூடில..." என்று ஆரம்பித்தார்.

"ஒண்ணும் வேணாம். எதையும் தொடாதீங்க. நான் போயி புதுசா அடிச்சுகிட்டு வரேன்."

என் பையில் மார்க்கர் பேனா இருந்தது. கறுப்பு, தடித்த முனை. 'விஷம்' என்று மூன்று எழுத்து எழுதியிருந்தால் போதும். அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. எனக்கு அச்சு வேண்டும், நிறம் வேண்டும், மண்டை ஓடு வேண்டும்.

ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் வைத்திருந்தார்கள். கடைக்காரர் அன்றுதான் கடை திறந்ததால் மெதுவாகத் தேங்காய், பூ, விபூதியெல்லாம் ஒதுக்கி, மெஷினைத் தட்டிப் பார்த்து, என்னை உட்காரச் சொன்னார். நான் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தேன். இது ஒல்லியாக இருக்கிறது, அது தடியாக இருக்கிறது. சிவப்பு இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக வேண்டும் என்று இரண்டாம் முறை அடிக்கச் சொன்னேன். நான் அடர்த்தியான சிவப்புக்குக் காத்திருந்த நேரத்தில்தான் ஷெட்டில் அது ஆரம்பித்தது.

மாமாவுக்குப் பிரஷ் கழுவத் தின்னர் தேவைப்பட்டிருக்கிறது. எது தன் டப்பா என்று தெரியவில்லை. அளவை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் பூஜைக்காக மிச்சத் தின்னரையும் ஒரு சிறிய டப்பாவில் ஊற்றி வைத்திருந்தார். வழக்கமாக எனக்கு ஃபோன் போட்டிருப்பார். போடவில்லை. மூடியைத் திறந்து மோந்து பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். என் டப்பாவை முட்டிக்கு நடுவில் இடுக்கி, முகத்தைக் குனிந்து, மூடியைத் திருகியிருக்கிறார்.

அந்த மூடியில் துளை இல்லை. மூன்று நாளைக்கு முன்னால் அவரே அதைப் பட்டி வைத்து அடைத்திருந்தார். மரத்தில் ஆணி ஓட்டையை அடைக்கிற அதே பட்டி. அடைத்து, காயவைத்து, உப்புத்தாள் போட்டு இழைத்து, மேலே சந்தனம் வைத்திருந்தார். தகர ஷெட்டில், வெயிலில், மூன்று நாள்.

நான் வாசலில் நுழையும்போது மூடி தெறித்துச் சரக்கு சீறும் சத்தம் கேட்டது. மாமா கத்தவில்லை. "ஐயோ" என்று மெதுவாகத்தான் சொன்னார், ஏதோ மறந்துவிட்டது ஞாபகம் வந்தவர் மாதிரி. டப்பா உருண்டு கிடந்தது. கை முகத்தில்.

"தண்ணி! தண்ணி!" என்று கத்தினேன்.

குடிதண்ணீர் கேன் காலி, பூஜைக்குச் சாமான் கழுவியதில் தீர்ந்திருந்தது. மூன்று நாள் லீவு, யாரும் மாற்றவில்லை. குழாய்க்கு ஓடினேன். குழாய்க்கு முன்னால் என் முதலை நின்றது. தள்ளினேன், அசையவில்லை. கட்டியிருக்கிறேனே! முடிச்சு நகத்துக்கு வரவில்லை. வெல்டிங் அண்ணன் பிளேடோடு ஓடிவந்து கயிற்றை அறுத்தார். நைலான், வழுக்கியது. "என்னா எழவுக்குக் கட்டுன இத!" என்று என் காதோரம் கத்தினார். முதலை சரிந்து விழுந்தது. குழாயைத் திறந்தோம். எல்லாம் ஒரு நிமிஷம் இருக்கும். ஒன்றரை நிமிஷமாகவும் இருக்கலாம். அந்த நேரம் முழுக்க மாமா நின்ற இடத்திலேயே நின்றார், கண் தெரியாமல் எதையாவது தட்டிவிடக் கூடாது என்று ஒரு கையை மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டு.

இதில் ஒன்றை மட்டும் நான் சரியாகச் செய்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். குழாயடியில் அவர் தலையைச் சாய்த்து, இமையை விரலால் பிரித்து, தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தேன். டப்பாவோடு வந்த தாளில் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும் என்று படித்திருந்தேன்.

"போதும் புள்ள, ஆட்டோ நிக்குது! ஆஸ்பத்திரியில பாத்துப்பாங்க!" என்று வெல்டிங் அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"இன்னும் இருக்கு."

"கண்ணு போயிடும்டி!"

"இப்ப நிறுத்துனாத்தான் போவும். கையை எடுங்கண்ணே!"

ஃபோனில் நேரம் வைத்து, பதினைந்து நிமிஷம் முடிந்த பிறகுதான் விட்டேன். இப்படிக் கழுவாமல் வந்திருந்தால் பேச்சே இல்லை என்று டாக்டரம்மா பின்னால் சொன்னார். இந்த வரியை நான் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. பதினைந்து நிமிஷத்துக்கு முன்னால் ஒரு ஒன்றரை நிமிஷம் இருக்கிறது.

சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்தார்கள். எனக்கு வீடு பக்கம். காலையும் மாலையும் போனேன். முதல் நாள் வராந்தாவில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் அந்த முதலைப் பொண்ணா?"

"ஆமாங்க அத்தை."

"வூட்ல ஒம் படகுப் பேச்சுத்தான். ஒரு பொண்ணு தனியாளா செய்யுது, நீங்கள்லாம் இருக்கீங்களேன்னு எங்க வூட்டுப் புள்ளைங்களப் புடிச்சு ஏசுவாரு." பிறகு, "கொழாய ஏன் அடச்ச?" என்று கேட்டார்.

"ரெண்டு நாள்ல எடுத்துரலாம்னு இருந்தேன்."

"எத்தினி ரெண்டு நாளு?"

இந்தக் கேள்வியை யாராவது முன்பே கேட்டிருக்க வேண்டும். அந்த ஷெட்டில் எல்லாமே இரண்டு நாள்தான். வாசலை மறிக்கும் பைப்பு இரண்டு நாள், ஸ்விட்ச் போர்டை மறைக்கும் பிளைவுட் இரண்டு நாள், மூலையில் எண்ணெய்த் துணி இரண்டு நாள். நாட்டில் இருக்கிற அத்தனை பட்டறையும் இந்த இரண்டு நாளில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலை அத்தையிடம் காட்ட முடியுமா? தலையைக் குனிந்துகொண்டேன்.

மாமா வலது கண்ணில் கட்டோடு படுத்திருந்தார். என் குரல் கேட்டதும், "வா பாப்பா" என்றார். 'பாப்பா' திரும்பி வந்ததில் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இவ்வளவு சுலபமாக எப்படித் திருப்பிக் கொடுக்கிறார்?

"மூடில ஓட்டை இருந்துச்சு" என்றார். "எவனோ ஓட்ட டப்பாவ ஒன் தலையில கட்டிட்டான்னு நெனச்சேன். சரி, சின்னப் பொண்ணு, கவனிச்சிருக்காது, நம்ம அடச்சி வச்சுருவோம்னு..."

"அது ஓட்டையோடதான் மாமா இருக்கணும்."

"இப்பத் தெரியுது."

"அன்னிக்கு சொல்ல வந்தீங்க. நான்தான் பேச விடல. தப்பு எம்மேலதான்."

"அதெல்லாம் ஒண்ணும் ஒம்மேல தப்பில்ல."

"இருக்கு மாமா. சும்மா இல்லன்னு சொல்லாதீங்க!"

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தபடி, குற்றம் சொல்கிற தொனியே இல்லாமல் சொன்னார். "ஒனக்கு ஃபோன் போடலாம்னு எடுத்தேன். மறுபடி ஏதாச்சும் சொல்லிடுவியோன்னு வச்சுட்டேன். அதான் மோந்து பாத்துக்கலாம்னு."

பத்து விதி ஒட்டினேனே, பத்தும் பொருளைப் பற்றியவை. கேட்க வருகிறவரைத் துரத்தாதே என்று ஒன்றுகூட இல்லை. அந்த ஷெட்டில் இருந்ததிலேயே ஆபத்தான சரக்கு என் வாயில் இருந்தது, அதற்கு யாரும் லேபிள் ஒட்டவில்லை. இதை எழுதும்போதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஷெட்டுக்குத் திரும்பிப் போனபோது வெல்டிங் அண்ணன் பூசணிக்காய் வாங்கி வைத்திருந்தார். "கண்ணு பட்டுருச்சு. பூச முடிஞ்ச கையோட இப்படின்னா திருஷ்டிதான். சுத்தி ஒடச்சிரலாம்" என்றார்.

"கண்ணு படல அண்ணே. கண்ணுல பட்டுச்சு. நாமதான் பண்ணோம்."

"சும்மா கத்தாத. நாங்க என்னா வேணும்னா பண்ணோம்? இத்தினி வருசமா இப்படித்தான வச்சிருந்தோம்? நீ வந்தப்புறந்தான் இந்த விஷமெல்லாம் வந்துச்சு."

அதுவும் உண்மை. உண்மை என்பதால் இன்னும் சத்தமாகச் சண்டை போட்டேன். அவரும் விடவில்லை. குழாயை மறைத்தது யார் என்றார். வாசலில் பைப்பு போடுவது யார் என்றேன். தண்ணீர் கேன் மாற்றாதது யார் என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம். அரை மணி நேரம். தெருவில் மீன்கூடையோடு போனவர்கள் நின்று பார்த்தார்கள். கடைசியில் இருவருக்கும் தொண்டை கட்டிப்போனது. பூசணிக்காய் உடையவில்லை. அதை அவர் வீட்டுக்கு எடுத்துப்போய்க் கூட்டு வைத்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

மறுநாள் நான் வரும்போது ஷெட்டுக்கு வெளியே, வடக்குச் சுவரில், வெயில் படாத இடத்தில், ஒரு சின்னக் கம்பிப் பெட்டி மாட்டியிருந்தது. காற்றோட்டமாக, கதவு வைத்து, கொக்கியோடு. "ஒன் விஷத்த அதுல வய்யி" என்றார் வெல்டிங் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல். நான் நன்றி சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. முதலையைக் கூரைச் சட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிட நானும் அவரும் மூச்சு வாங்கினோம். பத்து விதிகளையும் கிழித்தேன். டப்பாக்களின் மேல் பெயின்டால் தமிழில் எழுதினேன். தேங்காய் நார் போட்டாலும் போகாது. கேட்டலிஸ்ட் மூடியில், துளையைச் சுற்றி வட்டம் போட்டு, 'அடைக்காதே' என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தேன். அழித்துவிட்டு, 'அடைக்காதீங்க' என்று மாற்றினேன்.

மாமாவின் கட்டை அவிழ்த்தார்கள். கண் இருந்தது. கருவிழியின் கீழோரத்தில் தழும்பு மாதிரி ஒரு வெண்மை. வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரிகிறது, பல்பைப் பார்த்தால் சுற்றி வளையம் தெரிகிறது. போகப்போகத் தெளியலாம், இப்படியே நின்றுவிடவும் செய்யலாம் என்றார்கள். கதவின் விளிம்பில் வைத்து அலை பார்க்க முடியுமா என்று நான் கேட்டேன். அந்தச் சின்ன டாக்டருக்கு என் கேள்வியே புரியவில்லை.

தை பிறந்த பிறகு ஒருநாள் அவர் ஷெட்டுக்கு வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். வெல்டிங் அண்ணன், "வாய்யா ஈரோ" என்று கத்தினார். மாமா கூரையில் தொங்கும் முதலையை நிமிர்ந்து பார்த்து, "என்னா பாப்பா, தூக்குல போட்டுட்ட?" என்றார். எல்லோரும் சிரித்தோம், கொஞ்சம் அதிகமாகவே.

படகின் முதல் உடல் அச்சிலிருந்து வெளியே வந்திருந்தது. தேய்த்து முடித்துக் கவிழ்த்து வைத்திருந்தேன். அவர் அதைச் சுற்றி வந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். கதவுப் பக்கம் வெளிச்சம் வரும் திசையாகப் படகைத் திருப்பச் சொன்னார். முட்டி போட்டார். இடது கண்ணை, நல்ல கண்ணை, மூடினார். வலது கண்ணை விளிம்போடு ஒட்டிவைத்து நீளவாக்கில் பார்த்தார். வெல்டிங் அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டார். வெகுநேரம் பார்த்தார்.

"இங்க ஒரு அலை இருக்கு" என்றார்.

"எங்க மாமா?"

"இந்தா." விரலை வைத்தார். தடவிப் பார்த்தேன். இருந்தது. நான் மூன்று நாள் தேய்த்தும் கண்டுபிடிக்காத அலை.

"பாத்தியா? கண்ணுக்கு ஒண்ணும் ஆவல" என்று வெல்டிங் அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். அண்ணன் மெஷினைப் போட்டார், நிம்மதியாக.

நான் அவருடைய இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை விளிம்பில் வைப்பதற்கு முன்பே, ஏதோ பிடிமானத்துக்காக என்கிற மாதிரி, அந்தக் கை படகின் முதுகில் மெதுவாக ஊர்ந்து வந்திருந்தது. மோதிர விரல் அந்த இடத்தில் ஒருமுறை நின்றது. போய், திரும்பி வந்து, மறுபடி நின்றது. அதற்குப் பிறகுதான் அவர் கண்ணை வைத்தார்.

அவருக்கும் தெரியும், நான் பார்த்தேன் என்று. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, அவர் விரல் வைத்த இடத்தில் நான் தேய்க்கத் தொடங்கினேன். தேவைக்கு மேல் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

"மெதுவா பாப்பா" என்றார். "பள்ளமாயிடும்."